சொல்லக் கூசும் இடத்திலும் கட்டி வரும்

“கட்டி” என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலருக்கு அடுத்ததாக மனதில் வருவது “புற்று” என்ற சொல்தான். இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் உடம்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி, மார்பில் இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி என்று தீங்கில்லாத கட்டிகள் பல உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒரு வகை, நரம்பின் உறையிலிருந்து வளர்கிற கட்டி. இந்த மாதம் அதைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இது அடிக்கடி வருகிற நோய் அல்ல. அப்படியிருந்தும் இதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கட்டி கையிலும் கழுத்திலும் மட்டும் வருவதில்லை. நாக்கில் வரும், மார்பில் வரும், இடுப்புக் குழியின் ஆழத்தில் வரும், பெண்ணுறுப்பிலும் வரும். எங்கே வந்தாலும் கட்டி ஒன்றுதான். ஆனால் அதை வெளியே சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு காலம் எடுக்கிறது என்பது, அது எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

எந்த நரம்பு?

முதலில் ஒரு சொற் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாங்கள் “நரம்பு” என்று பல பொருள்களைச் சொல்கிறோம். கையில் பச்சையாகத் தெரிகிற இரத்தக் குழாயும் நரம்பு, கால் இழுத்துப் பிடித்தால் அதுவும் நரம்பு, மணிக்கட்டில் திரள்கிற நீர் முடிச்சையும் நரம்பு முடிச்சு என்றே சொல்கிறோம். வைத்தியர் சொல்லும் நரம்பு இவை எதுவுமல்ல. சூடு, குளிர், நோவு, தொடுகை ஆகியவற்றை மூளைக்குக் கொண்டுபோவதும், மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவருவதும் அதுதான்.

மின்சாரக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு இழைகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. அந்த உறையை அமைக்கும் கலங்களை ஜேர்மனியைச் சேர்ந்த தியோடர் சுவான் என்ற விஞ்ஞானி 1839 ஆம் ஆண்டில் விவரித்தார். அவருடைய பெயராலேயே அவை சுவான் கலங்கள் எனப்படுகின்றன. இந்தக் கலங்கள் ஓரிடத்தில் மெதுவாகப் பெருகித் திரண்டால் அது சுவானோமா. சுவான் கலங்களோடு நார்க் கலங்களும் நரம்பு இழைகளும் கலந்து வளர்ந்தால் அது நியூரோஃபைப்ரோமா. வைத்தியசாலைக் காகிதத்தில் இந்தப் பெயர்களைக் கண்டால் பயப்பட வேண்டாம். இரண்டும் சாதாரணமாகத் தீங்கற்ற கட்டிகளே.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சத்திரசிகிச்சையில் முக்கியமாகிறது. சுவானோமா நரம்பின் பக்கத்தில், தனக்கென ஒரு பையோடு வளரும். தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் நரம்பைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு, சுளையை எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம். முழுமையாக எடுத்தால் அது திரும்ப வருவது குறைவு. நியூரோஃபைப்ரோமாவிலோ நரம்பு இழைகள் கட்டிக்கு உள்ளேயே ஓடுகின்றன. முக்கியமான நரம்பில் வந்த அத்தகைய கட்டியை எடுக்கும்போது நரம்பும் சேதமாகலாம். ஆகவே எடுப்பதா, விட்டுக் கவனிப்பதா என்று யோசித்தே முடிவெடுப்பார்கள்.

எங்கெல்லாம் வரும்?

மூளைக்கும் முள்ளந்தண்டு வடத்துக்கும் வெளியே ஓடுகிற நரம்புகளைச் சுவான் கலங்களே போர்த்தியிருக்கின்றன. நரம்பு போகாத இடம் உடம்பில் மிகக் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டி எங்கும் தோன்றலாம். தலை, கழுத்து, கை, கால் ஆகிய இடங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. கேட்டல் நரம்போடு சேர்ந்து போகும் சமநிலை நரம்பில் வந்தால் காதில் இரைச்சலும் ஒரு பக்கக் கேட்கும் திறன் குறைவும் ஏற்படும்.

அரிதான இடங்களில் வரும்போது அது வேறொரு நோயின் வேஷத்தில் வருகிறது. நாக்கில் வந்தால் பல் கடித்த தழும்பு என்று நினைப்போம். இடுப்புக் குழிக்குள் வந்தால் ஸ்கானில் சூலகக் கட்டி அல்லது கருப்பைக் கட்டி போலத் தோன்றும். வயிறு திறந்த பிறகுதான் அது நரம்பிலிருந்து வந்தது என்று தெரிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. காலுக்குப் போகும் பெரிய நரம்பில் வந்தால் நாரி நோவு, முள்ளந்தண்டுத் தட்டு விலகல் என்று வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம். பெண்ணுறுப்பின் உதட்டில் வந்தால், அங்குள்ள சுரப்பி அடைத்து வருகிற நீர்க்கட்டி போல இருக்கும்.

மார்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவான் கலங்களிலிருந்து வரும் இன்னொரு வகை, சிறுமணிக் கலக் கட்டி எனப்படுவது, மார்பில் தோன்றினால் தொடுகையிலும் மமோகிராம் படத்திலும் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும். ஒரு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதை ஆறுதலுக்காகச் சொல்கிறேன், அசட்டையாக இருப்பதற்காக அல்ல. மார்பில் கட்டி கண்டால் “இது நரம்புக் கட்டியாக இருக்கும்” என்று நாங்களே முடிவு கட்டக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை.

இரண்டு பெண்கள்

எனது வேலையில் வைத்தியசாலைக்குத் துணையாகப் போய்வந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்கள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவருக்கு முன்னங்கையில் சிறிய கட்டி. அரிவாள்மனையில் தேங்காய் துருவும்போது கை பட்டால் விரல் நுனி வரைக்கும் மின்சாரம் அடித்ததுபோல ஓடும். அவர் அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டினார், மாமியாரிடம் காட்டினார், கடைக்காரரிடமும் காட்டினார். எல்லோரும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்குள் அவர் கிளினிக்கில் இருந்தார்.

மற்றவருக்கு வயது 38. தையல் வேலை செய்பவர். அவருக்குக் கட்டி வந்தது பெண்ணுறுப்பின் ஒரு பக்கத்தில். தொடக்கத்தில் கடலை அளவு. ஏழு வருடத்தில் எலுமிச்சங்காய் அளவு. இந்த ஏழு வருடமும் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெஷினுக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காரப் பழகினார். பிறகு உட்காரவே முடியாமல் வேலையை விட்டார். கணவனிடமிருந்து விலகிப் படுத்தார். கணவன் அதற்குத் தனக்குத் தெரிந்த காரணத்தைக் கற்பித்துக்கொண்டு சந்தேகப்பட்டார். அது புற்றுநோய்தான் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார். சீட்டுக் காசை எடுத்துத் தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்தார். மகளின் காதணி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தங்கைக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

கடைசியில் அவர் வாய் திறந்தது குடும்பநல மாதுவிடம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நிறை பார்க்க வந்தவரை வாசலில் மறித்து, “மிஸ், கீழ ஒரு முடிச்சு மாதிரிக் கிடக்கு” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அந்த மிஸ்ஸும் தோண்டித் துருவவில்லை. “அடுத்த கிழமை கிளினிக் இருக்கு, என்னோட வாங்கோ” என்றார்.

அரசாங்க வைத்தியசாலையில் கட்டியை எடுத்தார்கள். நுணுக்குக்காட்டிப் பரிசோதனை அறிக்கை வந்தது. சுவானோமா, புற்றுநோய் அல்ல. சத்திரசிகிச்சைக்குக் காசு போகவில்லை. பஸ் கூலியும் சில நாள் உழைப்பும்தான் போயின. ஏழு வருடம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. வேலை, கணவனுடனான உறவு, நிம்மதியான உறக்கம் மூன்றையும் அவரிடமிருந்து பறித்தது அந்தக் கட்டி அல்ல. அதைச் சொல்ல முடியாமல் போனதுதான்.

சொல்லில்லாத இடம்

இந்தப் பெண் படிக்காதவர் அல்லர். பயந்த சுபாவம் உள்ளவரும் அல்லர். அப்படியானால் ஏன் ஏழு வருடம்? நமது பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உடம்பின் மற்ற இடங்களுக்கு வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள் உண்டு. கமக்கட்டு, குதிக்கால், நாரி என்று கூசாமல் சொல்கிறோம். பெண்ணுறுப்புக்கு மட்டும் ஒன்றில் பாடப் புத்தகச் சொல் இருக்கிறது, அல்லது சண்டையில் ஏசுகிற சொல் இருக்கிறது. ஒரு மகள் தாயிடம் “அம்மா, எனக்கு இங்கே நோகுது” என்று சாதாரணமாகச் சொல்லக்கூடிய சொல் இல்லை. பெயர் சொல்ல முடியாத இடத்தில் வருத்தம் வந்தால் அதையும் சொல்ல முடியாமற் போகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்த இடத்தில் எது வந்தாலும் நடத்தையோடு முடிச்சுப் போடுகிற பழக்கம். நரம்புறைக் கட்டி தொற்றுவதில்லை. உடலுறவால் வருவதில்லை. யாருடைய ஒழுக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணவன்மாரும் இதை வாசித்தால் நல்லது.

ஆகவே முதலில் செய்யக்கூடியது, வீட்டில் ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது. எந்தச் சொல் என்பது உங்கள் விருப்பம். பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே அந்தச் சொல்லைக் கொடுங்கள். வாயால் சொல்ல முடியாத பெரியவர்கள் ஒரு துண்டுக் கடதாசியில் உடம்பின் உருவம் கீறி, கட்டி உள்ள இடத்தில் ஒரு புள்ளடி போட்டுக் குடும்பநல மாதுவிடம் கொடுக்கலாம். இப்படிச் செய்த பெண்களை நான் அறிவேன். யாரும் சிரிக்கவில்லை.

தோலில் பல கட்டிகள் இருந்தால்

தனியாக ஒரு கட்டி வருவது வேறு, உடம்பெல்லாம் சிறு சிறு கட்டிகள் வருவது வேறு. சுவானோமா வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தனித்து வருவதுதான். ஆனால் சிலருக்குப் பிறப்பிலேயே தோலில் பால் கலந்த கோப்பி நிறத்தில் தட்டையான மச்சங்கள் இருக்கும். வயது வரும் பருவத்தில் மென்மையான கட்டிகள் தோன்றத் தொடங்கும். கர்ப்ப காலத்தில் அவை பெருகவும் கூடும். இது நியூரோஃபைப்ரோமற்றோசிஸ் முதலாம் வகை. இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்தே வருகின்றன என்பதை 1882 ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் ஃபொன் ரெக்லிங்ஹவுசன் காட்டினார். சுமார் 3000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது.

ஒரு பிள்ளைக்கு இத்தகைய மச்சங்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால், ஒவ்வொன்றும் அரை சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால், பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளில் கணிசமானோருக்குப் படிப்பில் சிரமமும் இருக்கும். அதைச் சோம்பல் என்று அடிக்கக் கூடாது.

கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்ததால் இப்படி ஆனது என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது சரியல்ல. 17 ஆவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நோய் இருக்காது. மாற்றம் புதிதாக அந்தப் பிள்ளையிலேயே தோன்றியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. திருமணம் பேசும்போது இதை மறைப்பதும், இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவதும் இரண்டுமே பிழை. மரபணு ஆலோசனை பெற்று இருவரும் தெரிந்து முடிவெடுப்பதே முறை.

இந்த நோயுள்ள பெண்கள் ஒரு விஷயத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டும். 50 வயதுக்கு முன் மார்புப் புற்றுநோய் வரும் ஆபத்து இவர்களுக்கு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு கூடுதல். எனவே 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனைப் படம் எடுக்கும்படி வெளிநாட்டு மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. “உடம்பெல்லாம் கட்டிதானே, மார்பிலும் அதுதான்” என்று விட்டுவிடாதீர்கள். இருக்கிற கட்டி ஒன்று திடீரென்று வேகமாக வளர்ந்தாலும், கல்லுப்போலக் கடினமானாலும், இரவிலும் விடாமல் நொந்தாலும் உடனே காட்டுங்கள். இந்த நோயில் கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு உண்டு. மருத்துவமும் நின்றுவிடவில்லை. சத்திரசிகிச்சையால் எடுக்க முடியாத படர்ந்த கட்டிகள் உள்ள சிறுவர்களுக்கென செலுமெற்றினிப் என்ற மருந்து 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வைத்தியரிடம் போகும்போது

எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 ஆம் ஆண்டு தொடங்கிய இந்தக் கிளினிக்குகளில் மார்புப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்கிறார்கள். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் பெண் தாதி ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பாதியை மறைத்துவிடுவீர்கள்.

கட்டி எப்போது தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது, அழுத்தினால் நோவு எந்தப் பக்கம் ஓடுகிறது, விறைப்போ பலக்குறைவோ உண்டா, வேறு இடத்திலும் கட்டியோ மச்சமோ உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். நரம்பில் உள்ள கட்டி பெரும்பாலும் பக்கவாட்டில் அசையும், நரம்பின் நீளத்துக்கு அசையாது. இதைப் பார்க்கவே வைத்தியர் அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்ப்பார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்யச் சொன்னால், போர்க்காலத்தில் காயப்பட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2009 இல் போர் முடிந்தாலும் ஷெல் துண்டுகளை உடம்பில் சுமந்து வாழும் பெண்கள் எம்மிடையே பலர். அந்த இயந்திரம் பலமான காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். ஆகவே காயம்பட்ட விவரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். “இது பழைய ஷெல் துண்டுதான்” என்று புதிய கட்டியைக் காட்டாமல் விடுவதும் கூடாது.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கட்டி எந்த நரம்பில் இருக்கிறது? எடுத்தபின் எங்கே விறைப்பு அல்லது பலக்குறைவு வரலாம்? எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா, அறிக்கைக்கு எப்போது வர வேண்டும்? அந்த அறிக்கையை எடுக்கத் தவறாதீர்கள். காயம் ஆறிவிட்டது என்று அறிக்கைக்குப் போகாமல் விடுபவர்கள் பலர். கட்டி என்ன என்பதற்கு உறுதியான பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

செய்யக் கூடாதவை

கட்டியை நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். சூடு வைக்காதீர்கள். சுண்ணாம்பு பூசிப் புண்ணாக்காதீர்கள். தெரியாதவர் கையில் பிளேட்டைக் கொடுக்காதீர்கள். இது மருவல்ல, நரம்போடு ஒட்டியது. தவறாக வெட்டினால் கட்டி போனாலும் விரல் மடங்காமல், கால் நிமிராமல் போகலாம். எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. தொந்தரவு தராத கட்டியை வைத்தியர் சில மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் சிகிச்சைதான்.

இன்னொன்று. நரம்பு தடிப்பதெல்லாம் கட்டியல்ல. நரம்பு கயிறுபோலத் தடித்து, தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது இன்னும் முற்றாக ஒழியவில்லை. மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். காலம் தாழ்த்தினால்தான் கையும் காலும் பழுதாகும்.

அந்தத் தையல்காரப் பெண் இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறார். செத்தவீட்டுக்கென்று வைத்திருந்த சீட்டுக் காசில்தான் அந்த மெஷின் வாங்கினார். கணவனோடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. ஆனால் போன ஏழு வருடம் போனதுதான்.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர், சொல்லக் கூசும் ஓர் இடத்தில் ஒரு கட்டியை மறைத்துக்கொண்டு இருக்கக்கூடும். அது தீங்கற்றதாக இருந்தால் இத்தனை பயத்துக்கும் அவசியமில்லை. தீங்கானதாக இருந்தால் இனி ஒரு நாளும் தாமதிக்க முடியாது. எதுவென்றாலும் காட்டினால்தான் தெரியும். இந்தக் கிழமை கிளினிக் எந்த நாள் என்று கேட்டுவையுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு பெண்ணைத் துணைக்குக் கூப்பிடுங்கள். யாராவது உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால், ஏன் என்று கேட்காமல் கூடப் போங்கள்.